பக்கத்துத் தட்டு

கேட் நான்கு மணிக்குத்தான் திறக்கும், சார். நீங்கள் எவ்வளவு தட்டினாலும் திறக்கமாட்டார்கள். இப்படி வந்து உட்காருங்கள், இந்தப் பக்கம் நிழல் இருக்கிறது. அம்மாவை அழைத்துப் போக வந்தீர்களா? வியாழக்கிழமை தியானத்துக்கு வந்தவரா? நானும் அந்தக் கூட்டம்தான். மொத்தம் முப்பத்துநான்கு பேர். ஆண்கள் பதினைந்து, பெண்கள் பத்தொன்பது. ஆளுக்கு ஓர் எண் கொடுத்திருந்தார்கள். உங்கள் அம்மாவுக்கு என்ன எண்? இருபத்தேழா?

தெரியும், தெரியும். பெருமூச்சு விடுகிறவர்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். உள்ளதைச் சொல்கிறேன். மௌன தியானம் என்றால் வாயைத் திறக்கக் கூடாது. உங்கள் அம்மா திறக்கவில்லை. ஆனால் “இயேசுவே” என்று ஒரு மூச்சு விடுவார் பாருங்கள், அதில் குழம்பில் காரம் அதிகம் என்பதும் வந்துவிடும், முதுகு வலிக்கிறது என்பதும் வந்துவிடும், பக்கத்துக் கட்டில்காரி குறட்டை விட்டாள் என்பதும் வந்துவிடும். நேற்று ஒரு நாளில் மட்டும் இருபத்திரண்டு பெருமூச்சு.

தியானம் முடியவில்லை, அதற்குள் இந்த ஆள் ஏன் பையோடு வெளியே உட்கார்ந்திருக்கிறான் என்று பார்க்கிறீர்கள். பஸ்ஸுக்கு இருக்கிறேன். மூன்று பத்துக்கு ஒன்று வரும், மூன்று நாற்பதுக்கு ஒன்று வரும். அதை விட்டால் ஐந்தரைதான். ஊர் போய்ச் சேர இருட்டிவிடும். வேறொன்றும் இல்லை.

எனக்குப் பேர் சந்தியாகு. ஐந்தாம் வகுப்பு வரைதான் படிப்பு. எங்கள் ஊர்க் கோயிலில் முப்பத்தொரு வருடம் கோயில்பிள்ளையாக இருந்தேன். கோயிலைத் திறப்பது, கூட்டுவது, பூசைக்கு எடுத்து வைப்பது, மணி அடிப்பது எல்லாம் நான். காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளை மணி. கணக்குப் போட்டுப் பார்த்தால் முப்பத்து மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தைந்து தடவை. லீப் வருடங்களைச் சேர்த்தால் இன்னும் இருபத்துநான்கு. அப்படிப்பட்டவனை உட்காரவைத்துக்கொண்டு இந்தச் செங்கோல் சாமியார் சொல்கிறார். செங்கோல் என்பதுதான் இங்கே தியானம் கொடுக்கிற சாமியாருக்குப் பேர். பேரைப் பார்த்துப் பெரிய ஆள் என்று நினைக்காதீர்கள், நாற்பது வயது இருக்காது. “வருசத்துல முந்நூத்தி அறுவத்தஞ்சு நாள் இருக்கு. அதுல மூணே மூணு நாள், ஆண்டவருக்குன்னு ஒதுக்குங்க. உங்க நேரத்தை அவருக்குக் குடுங்க” என்கிறார். என் நேரமா? ஊருக்கே நேரம் காட்டினவன் நான். நான் மணி அடித்தால்தான் எங்கள் ஊரில் உலை வைப்பார்கள். எனக்கு நேரம் ஒதுக்கச் சொல்லித் தருகிறார்!

நானாக வரவில்லை, சார். என் தம்பி பெண்டாட்டி பிலோமினா, பூசை முடிந்து வெளியே வரும்போது வழிமறித்தாள். “மாமா, தியானத்துக்கு உங்க பேரைக் குடுத்துருக்கேன். எழுவது வயசாச்சு, ஒரு தடவையாவது போயிட்டு வாங்க” என்றாள்.

“உன் வீட்டுக்காரன் வர்றானா?”

“அவரு எங்க மாமா வர்றாரு. கை வேற சரியில்ல. நாங்கதான் திங்கக்கிழமை ஓசூருக்குப் போறமே. மக வந்து வண்டி வெச்சுக் கூட்டிட்டுப் போறா. வீட்டைப் பூட்டியாச்சுன்னா இனிமே எங்க வரப் போறோம்.”

இதைச் சொல்லும்போது என் முகத்தையே பார்த்தாள். நான் பக்கத்திலிருந்த முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தம்பி வியாகுலமும் நானும் பேசி எட்டு வருடம் ஆகிறது. எதிரெதிர் வீடு. எட்டு வருடம் ஒரு வார்த்தை கிடையாது. இந்தக் கூட்டம் மூன்று நாள் பேசாமலிருக்க எப்படித் தவித்தது தெரியுமா? எனக்குச் சிரிப்புதான் வந்தது.

வியாழக்கிழமை நான் வந்து சேர்ந்தபோதே நேரமாகிவிட்டது. போனை வாங்கித் துணிப்பையில் போட்டுப் பேர் எழுதிக் கட்டினார்கள். சட்டையில் எண்ணைக் குத்தினார்கள். எனக்குப் பதினொன்று. மௌனம் தொடங்கும் மணியும் அடித்தாயிற்று. நேரே சாப்பாட்டு அறைக்குக் கூட்டிப் போனார்கள். நீள மேசை. பதினொன்று என்று ஒட்டியிருந்த இடத்தில் உட்கார்ந்து, பக்கத்தில் பன்னிரண்டாம் எண் யாரென்று திரும்பினால், வியாகுலம்.

அவனும் என்னைப் பார்த்தான். அவனுக்கும் அவள் இதே பொய்யைத்தான் சொல்லியிருக்க வேண்டும். மணி மட்டும் அடிக்காமல் இருந்திருந்தால் அங்கேயே நான்கு வார்த்தை கேட்டுவிட்டு எழுந்திருப்பேன். அடித்துவிட்டார்களே. விதி விதிதான்.

செங்கோல் சாமியார் எழுந்தார். “மேசையில ஒரு வழக்கம் இருக்கு. உங்களுக்கு வேணுங்கறதை வாய் விட்டுக் கேக்கக் கூடாது. கையை நீட்டி எடுக்கவும் கூடாது. உங்க வலது பக்கத்துல இருக்கறவரோட தட்டைப் பாருங்க, இடது பக்கத்துல இருக்கறவரோட தட்டைப் பாருங்க. அவருக்கு என்ன வேணும்னு கண்டுபிடிச்சு நீங்க குடுங்க. உங்க தட்டை அவர் பார்த்துக்குவார்.” எல்லாருக்கும் இது பெரிய விளையாட்டாக இருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை, சார், அந்த விளையாட்டு. நான்காம் எண், ஓய்வு பெற்ற தலைமையாசிரியராம், இருமினார். இருமிவிட்டு ரசத்தைப் பார்த்தார். மறுபடி இருமிவிட்டு மறுபடி ரசத்தைப் பார்த்தார். அது இருமலா? முதல் நாள் பத்தொன்பது இருமல். இன்னொருவர் டம்ளரை மேசையில் தட்டுகிறார். ஓர் அம்மா தன் காலித் தட்டை விளக்குக்கு நேரே சாய்த்துச் சாய்த்துக் காட்டுகிறார், ஏதோ கண்ணாடி பார்க்கிறவர்போல. அடுத்தவன் தட்டை எவனும் பார்க்கவில்லை. தன் தட்டு, தன் வயிறு. இதற்கா மலையடிவாரம் தேடி வந்தார்கள்? இதை அவரவர் வீட்டிலேயே செய்யலாம்.

பத்தொன்பதாம் எண்ணைப் பற்றிச் சொன்னால் நம்பமாட்டீர்கள். செபப்புத்தகத்தின் அட்டைக்குள் இன்னொரு போனை வைத்துக்கொண்டு வந்திருந்தார். மாமரத்தின் கீழே உட்கார்ந்து பக்கம் திருப்பாமல் ஒரு மணி நேரம் படிக்கிறார். அவ்வளவு பக்தியோடு யாரும் செபப்புத்தகம் படித்து நான் பார்த்ததில்லை. நடுவில் சிரிப்பு வேறு.

நான் விதியை மீறவில்லை. முதல் வேளையே சப்பாத்தி போட்டார்கள். வியாகுலத்துக்குப் போன வருடம் வலது பக்கம் வாதம் அடித்தது. உயிருக்கு ஒன்றுமில்லை, வலது கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காது. ஒற்றைக் கையால் சப்பாத்தியைப் பிய்க்க முடியுமா? இடது கையால் அதை அழுத்திக்கொண்டு பார்த்தபடி இருந்தான். பக்கத்துத் தட்டைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்களே. பார்த்தேன். இழுத்து வைத்துப் பிய்த்துக் கொடுத்தேன். ஒரு சப்பாத்திக்கு எட்டுத் துண்டு, எல்லாம் ஒரே அளவு. மூன்று சப்பாத்திக்கு இருபத்துநான்கு துண்டு. அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பிட்டான்.

அதற்குப் பிறகு எட்டு வேளையும் அப்படித்தான். தண்ணீர் முப்பத்தோரு தடவை ஊற்றியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மீன், முள் எடுத்து வைத்தேன். இன்று மத்தியானம் கறியில் எலும்பை ஒதுக்கி வைத்தேன். ஒரு குறை சொல்ல முடியாது.

அவன் எனக்கு என்ன செய்தான் தெரியுமா? உப்புக் கிண்ணம் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை காலைக் கஞ்சியில் உப்பே இல்லை. நான் கிண்ணத்தைப் பார்த்தேன். இருமவில்லை, தட்டவில்லை, சும்மா பார்த்தேன். நான் பார்ப்பதை அவன் பார்த்தான். பார்த்துவிட்டு, இடது கையால் அந்தக் கிண்ணத்தை மெதுவாகத் தன் பக்கம் நகர்த்தி, தன் தட்டுக்கு அந்தப்புறம் வைத்துக்கொண்டான். எட்டு வேளை, சார்! எட்டு வேளை உப்பில்லாமல் தின்றேன். ஊறுகாயும் அப்படியே. என் கைக்கு வருவதற்குள் அவன் வாங்கிப் பதின்மூன்றாம் எண்ணுக்குத் தள்ளிவிடுவான். அப்பளம்கூடத் தரவில்லை. எட்டு வருட வஞ்சத்தை உப்பில் காட்டினான். இத்தனைக்கும் எனக்குப் பிரஷர் என்று டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். குறைக்கத்தான் சொன்னார், அறவே நிறுத்தச் சொல்லவில்லை. அது எனக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். டாக்டரிடம் மருந்து எடுத்துக் கொடுக்கிற பெண் பிலோமினாவின் அக்கா மகள், அவளுக்குத் தெரிந்திருக்கலாம்.

என்ன, சிரிக்கிறீர்கள்?

இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

அதோ, மூன்று பத்து வருகிறது. பாருங்கள், நிற்கிற கூட்டத்தை. முன்னால் ஐந்து, பின்னால் நான்கு. ஒன்பது பேர் நிற்கிற வண்டியில் எழுபது வயதில் ஏறி நான் நிற்கவா? போகட்டும். அடுத்தது காலியாக வரும்.

சண்டை எதற்கா? இடமா, வீடா என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். அதெல்லாம் இல்லை. மணி. எங்கள் ஊரில் யாராவது இறந்தால் துக்க மணி அடிப்பது வழக்கம். இறந்தவருக்கு எத்தனை வயதோ அத்தனை அடி. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் ஓர் அருள்நிறைந்த மரியே செபம் சொல்கிற நேரம். கீழே வயல்வேலை செய்கிறவர்கள்கூட நின்று எண்ணுவார்கள். எண்ணி, போனது யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். நான் நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு அடித்திருக்கிறேன். ஒரு சாவிலும் ஓர் அடி கூடினது இல்லை, குறைந்தது இல்லை. பிறந்து எட்டு நாளில் செத்த குழந்தைக்கு என்ன செய்வது என்று ஒரு முறை பங்குச் சாமியாரே என்னைத்தான் கேட்டார். ஒரே அடி, ஆனால் கயிற்றைப் பாதிதான் இழுக்க வேண்டும் என்றேன்.

எங்கள் அம்மா இறந்தாள், எட்டு வருடத்துக்கு முன்னால். எண்பத்தொரு வயது. ஞானஸ்நானப் பதிவேட்டில் தெளிவாக இருக்கிறது, அதில் தகராறு இல்லை. பங்குச் சாமியார் சொன்னார், “பெத்த தாய்க்கு நீங்களே அடிக்க வேணாம், சந்தியாகு. வேற ஆளை விடுவோம்” என்று. வேறு ஆளா? யாரிடம் கொடுத்தாலும் எண்ணிக்கை தப்பும். நானே கோபுரம் ஏறினேன், நானே அடித்தேன்.

இறங்கி வருகிறேன், வியாகுலம் கோபுரத்தின் அடியில் நிற்கிறான். கையில் ஜெபமாலை. “அண்ணே, எழுவத்தாறுதான் அடிச்சிருக்க” என்றான்.

“எண்பத்தொண்ணு.”

“எழுவத்தாறு. ஜெபமாலை மணியை உருட்டி எண்ணியிருக்கேன். அம்மாவுக்கு அஞ்சு கொறையுது. போய் அடிச்சுட்டு வா.”

இழவு வீட்டு ஆட்கள் முழுக்க நிற்கிறார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஒண்ணாங்கிளாஸ்ல வாய்ப்பாடு சொல்லத் தெரியாம மூணு வருசம் உக்காந்தவன், எனக்கு எண்ணச் சொல்லித் தர்றியா?” என்றேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பாடை பக்கத்தில் இருக்கிறது, சிரித்துவிட்டார்கள். யாராவது அவன் சொன்னதை நம்புவார்களா? நானூற்றுப் பன்னிரண்டு சாவு என் பக்கம். அவன் கையில் ஒரு ஜெபமாலை.

அன்றிலிருந்து ஊரில் அவனுக்கு எழுபத்தாறு என்றே பேராகிவிட்டது. டீக்கடையில், “எழுவத்தாறுக்கு ஒரு டீ போடு, சர்க்கரை அஞ்சு கொறைச்சு” என்பார்கள். ரேஷன் கடையில் நின்றால், “எழுவத்தாறு வந்தாச்சு, எடையை அவர எண்ணச் சொல்லு” என்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அவன் எழுபத்தாறு தாத்தா. ஏன் அந்தப் பேர் என்றே அதுகளுக்குத் தெரியாது. அவன் முதலில் சண்டைக்குப் போனான். பிறகு டீக்கடைக்குப் போவதை விட்டான். அதன்பிறகு பூசைக்கே பக்கத்து ஊருக்குப் போக ஆரம்பித்தான். நான் ஒருநாள்கூட அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை. யாராவது கூப்பிட்டால் சிரித்திருக்கிறேன். எத்தனை தடவை என்று கேட்காதீர்கள், அதை நான் எண்ணவில்லை.

சரி, தியானத்துக்கு வருவோம்.

நேற்றுக் காலையிலிருந்து ஒவ்வொருவராகச் செங்கோல் சாமியாரைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஆளுக்குப் பத்து நிமிடம். அங்கே மட்டும் பேசலாம். எல்லாரும் உள்ளே போய் அழுதுவிட்டு வெளியே வந்தார்கள். நான் அழப் போகவில்லை. கணக்கைக் கொடுத்தேன். இருமல் முப்பத்தெட்டு, டம்ளர் தட்டியது பதினான்கு, பெருமூச்சு இத்தனை, சைகை இத்தனை, போன் ஒன்று. ஆக மொத்தம் நூற்று நாற்பத்தேழு மீறல்கள். ஆண்டவருக்கு மூன்று நாள் கொடுக்கிறோம் என்று வந்தவர்கள் இப்படியா கொடுப்பது என்று கேட்டேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

“பெரியவரே, மேசையில உங்க பக்கத்துல இருக்கறவருக்கு என்னென்ன குடுத்தீங்க?”

“எல்லாம் குடுத்தேன், சாமி.”

“எல்லாமா?”

“எல்லாம். ஒண்ணு விடாம.”

“அப்ப சரி. நாளைக்கு நாலு மணிக்கு மௌனம் முடியும். முதல் வார்த்தையைப் பக்கத்துத் தட்டுக்காரர்கிட்டத்தான் பேசணும். அது இங்க வழக்கம். அவருக்கு எது பாக்கின்னு யோசிச்சு வைங்க” என்றார். பத்து நிமிடத்தில் இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. அதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். இப்படிப்பட்டவர்தான் நேரத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறார்.

பிறகு பாவசங்கீர்த்தனம். நான்கு பாவம் சொன்னேன். நான்கும் உண்மையான பாவம்.

சொல்கிறேன் கேளுங்கள், இந்த மௌனம் என்பதே ஒரு மோசமான ஏற்பாடு. ஊரில் இருந்தால் வேலை இருக்கும், எண்ணுவதற்கு ஏதாவது இருக்கும். இங்கே நேற்றுச் சாயங்காலம் சிற்றாலயத்தில் ஒரு மணி நேரம் சும்மா உட்காரச் சொன்னார்கள். ஜன்னல் கம்பிகளை எண்ணினேன், தொண்ணூற்றாறு. தரை ஓடுகளை எண்ணினேன், நானூற்று முப்பத்திரண்டு. முன்னால் இருக்கிற தலைகளை எண்ணினேன். எல்லாம் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. மிச்சம் முக்கால் மணி நேரம். என்ன செய்வது? எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை என்றதும் துக்க மணி வந்து உட்கார்ந்துகொண்டது. ஒன்று, இரண்டு என்று அதுபாட்டுக்கு அடிக்கிறது. ஐம்பத்திரண்டில் நிற்கிறது. மறுபடி ஒன்றிலிருந்து. மறுபடி ஐம்பத்திரண்டில் நிற்கிறது. இன்று காலையும் அப்படியே. பூசையில் அப்படியே. மத்தியானச் சாப்பாட்டில் அவன் தட்டில் எலும்பை ஒதுக்கும்போதும் அப்படியே.

ஏன் ஐம்பத்திரண்டு என்றால், அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயதாகும்போதுதான் எனக்குக் கோயில் வேலை கிடைத்தது. நான் துக்க மணி அடிக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் இறந்தவரின் ஒரு வருடத்தை நினைத்துக்கொள்வேன். அதனால்தான் எனக்கு எண்ணிக்கை தப்புவதில்லை. அம்மாவுக்கும் அப்படித்தான் அடித்துக்கொண்டு வந்தேன். பத்தொன்பதில் நான் பிறந்தேன். இருபத்திரண்டில் வியாகுலம் பிறந்தான். நாற்பதில் அப்பா இறந்தார். ஐம்பத்திரண்டில் எனக்கு வேலை. முதல் நாள் நான் மணி அடிப்பதைக் கேட்க வேண்டும் என்று அவள் களையெடுக்கப் போன இடத்திலிருந்து மண்கையோடு வந்து, கோபுரத்தின் கீழே நின்று, நண்பகல் மணி பன்னிரண்டு அடியையும் கேட்டுவிட்டு, திரும்பக் களையெடுக்கப் போனாள். அம்மாவின் சாவுக்கு ஐம்பத்திரண்டாவது அடி அடித்துவிட்டு, அந்த இடத்தைக் கோபுரத்துச் சாளரத்தின் வழியாகப் பார்த்தேன். அங்கே வியாகுலம் நின்றுகொண்டிருந்தான். வெயிலில், தலையில் துண்டுகூடப் போடாமல், ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு.

கோபுரத்தில் புறா எச்சம், தூசி. கண்ணில் விழுந்திருக்கும். சிறிது நேரம் ஒன்றும் தெரியவில்லை.

கை மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. அடித்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிகிறது, எத்தனையாவது என்று தெரியவில்லை. கேட்பதற்கு ஆள் இல்லை. நிறுத்தவும் முடியாது, கீழே ஊர் எண்ணிக்கொண்டிருக்கிறது. கை ஓய்ந்தபோது போதும் என்று தோன்றியது. விட்டுவிட்டேன்.

எழுபத்தாறா? இருக்கலாம். எழுபத்தெட்டா? எண்பத்தைந்தாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது, சார். ஆனால் இறங்கி வந்தவுடன் அவன் அப்படிக் கேட்டால், நானூற்றுப் பன்னிரண்டு சாவுக்கு அடித்தவன் வேறு என்ன சொல்வான்? எண்பத்தொன்று என்று வந்துவிட்டது. ஒருமுறை வந்த பிறகு அதுவே கணக்காகிவிட்டது.

இது பாவமா என்ன? பாவமாக இருந்தால் ஐந்தாவதாகச் சொல்லியிருப்பேன். இது எண்ணிக்கைப் பிழை.

அதனால்தான் சமையல்கட்டுப் பக்கத்துச் சின்னக் கதவு வழியாக வந்துவிட்டேன். நான்கு மணிக்கு மணி அடிப்பார்கள். எல்லாரும் பக்கத்துத் தட்டுக்காரனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுவார்கள். அழுதுவிட்டு பஸ்ஸில் ஏறியவுடன் மருமகளைத் திட்ட ஆரம்பிப்பார்கள். நான் அவன் முகத்தைப் பார்த்து என்ன சொல்ல வேண்டும்? சௌக்கியமா என்றா? நாளைக்கு ஓசூர் போகிறவனிடம்?

மணி என்ன? மூன்று முப்பதா? பஸ் வந்துவிடும்.

ஒன்று செய்யுங்கள். நீங்கள் எப்படியும் நான்கு மணிக்கு உள்ளே போகப் போகிறீர்கள். பன்னிரண்டாம் எண், கட்டம் போட்ட சட்டை, வலது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவனிடம் ஒரு செய்தி சொல்ல வேண்டும். ஒரே வாக்கியம். “ஐம்பத்திரண்டுக்கு மேல் எண்ணிக்கை தவறிவிட்டது என்று உங்கள் அண்ணன் சொல்லச் சொன்னார்.” அவ்வளவுதான். சொல்லுங்கள் பார்ப்போம்.

இல்லை. “அண்ணனுக்கு ஞாபகம் இல்லையாம்” என்கிறீர்கள். ஞாபகம் இல்லை என்பது வேறு. வயதாகி மறந்துபோவது அது. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கே தவறியது, அன்றைக்கே எனக்குத் தெரியும். மறுபடி சொல்லுங்கள்.

“எழுபத்தாறுதான் சரி என்று அண்ணன் ஒத்துக்கொண்டார்.” யார் ஒத்துக்கொண்டது? எழுபத்தாறு சரி என்று நான் எப்போது சொன்னேன்? எனக்குத் தெரியாது என்பதுதான் செய்தி. படித்தவராகத் தெரிகிறீர்கள், ஒரு வாக்கியத்தை ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரியாதா? அதோ, பஸ் வளைவில் திரும்புகிறது. சீக்கிரம். கடைசியாக ஒருமுறை.

“மணி அடிக்கும்போது அண்ணன் அழுதுவிட்டாராம், அதனால் எண்ணிக்கை தவறிவிட்டதாம்.”

யார் அழுதது? நான் அழுதேன் என்று உங்களிடம் சொன்னேனா? தூசி என்று சொன்னேன். தூசி என்றுதான் சொன்னேன்.

இருக்கிறேன் கண்டக்டர், கத்தாதீர்கள். ஏறுகிறேனா இல்லையா என்று யோசிக்க ஒரு மனுஷனுக்கு நேரம் தரமாட்டீர்களா? காலியாகத்தான் வந்திருக்கிறது, பார்க்கிறேன். நாலே பேர்.

அவன் உங்களைக் கேட்பான், சார். ஏன் தவறியது என்று கேட்பான். எட்டு வருடம் அந்தப் பேரைச் சுமந்தவன் கேட்காமல் விடுவானா? நீங்கள் தூசி என்று சொன்னால் நம்பமாட்டான். அந்த இடத்தில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தவன் அவன். அழுதார் என்று நீங்கள் சொன்னால், அது யாரோ சொன்னதாகிவிடும். “அழுதாராம்” என்று சொல்வீர்கள். அந்த “ராம்” அவனுக்கு எதற்கு?

போங்கள் கண்டக்டர், நீங்கள் போங்கள். நான் வரவில்லை.

உங்களை நம்பி ஒரு வேலையும் கொடுக்க முடியாது போலிருக்கிறது. அந்தப் பையை எடுங்கள். அதை நானே பிடித்துக்கொள்கிறேன், நீங்கள் கையை மட்டும் கொடுங்கள், சின்னக் கதவுக்குப் போகிற இந்த மேடு எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. மெதுவாக. நாம் போய்ச் சேர்ந்ததும் நீங்கள் உங்கள் அம்மாவைப் பார்க்கப் போய்விட வேண்டும், பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. அவனிடம் சொல்ல வேண்டியது எனக்கே சரியாக வராது. இரண்டு மூன்று தடவை தப்பும். தப்பினாலும் அவன் திருத்துவான்.